இருவரும் வேலைக்குப் போகிறோம். சென்னை ஃபிளாட்டில் ஷிட்ஸு நாய் வளர்க்கலாமா? முடி கொட்டுமா, ஏசி வேண்டுமா?

முடியைக் கேட்டீர்கள், ஏசியைக் கேட்டீர்கள், சரி. இந்த நாய்க்கு ஆசைப்படுகிற யாரும் கண்ணைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் காசும் தூக்கமும் போனது அதில்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. "தெருவில் இத்தனை நாட்டு நாய் இருக்க, சப்பை மூக்கு நாய்க்கு என்ன வக்காலத்து" என்று கிளம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஷிட்ஸு போண்டாவை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. துபாயில் வேலை கிடைத்ததும் அண்ணன் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். வந்தவனைத் துரத்தவா முடியும்?

போன கத்திரி வெயிலில் ஒரு சாயந்திரம், இடது கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வடிந்தது, சோபா காலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "தூசு விழுந்திருக்கும், ரெண்டு சொட்டு பன்னீர் விடு" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை, பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், "அலர்ஜி" என்றார்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதை விட விட, கருவிழி பால் படிந்த மாதிரி வெளுத்துப்போனது.

அப்புறம்தான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே சீட்டு வாங்க வரிசை. ஒரு கண்ணை மூடிக்கொண்டே, வரிசையில் நின்ற எல்லோரிடமும் வாலாட்டினான் எங்கள் ஆள். உள்ளே ஒரு இளம் டாக்டர், நுனியில் ஆரஞ்சு சாயம் ஏறிய ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணோரம் தொட்டார். விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் காட்டினார். கருவிழி நடுவில் உளுந்தளவுக்குப் பளீரென்று பச்சை. அதுதான் புண். புண் இருக்கிற கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் ஆறாது, ஆழமாகும், ஓட்டை விழுந்து கண்ணே போகலாம் என்றார். அந்த மருந்தை நிறுத்தி, ஆன்டிபயாடிக் சொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து மருந்து. பார்வை தப்பியது, லேசான தழும்போடு.

எந்த கிளினிக் என்று கமென்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தனியார் டாக்டர்கள் எல்லோரும் அப்படி என்றும் சொல்லவில்லை, இப்போது நாங்கள் போகிறவரும் தனியார்தான். சாயம் விட்டுப் பார்க்காமல் கண்ணுக்கு ஸ்டீராய்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்துக்குக் கண்குழி ஆழமில்லை. கண் துருத்திக்கொண்டு நிற்கும், மூக்கு மேல் முடி அதில் உரசும், கண் வறட்சியும் சகஜம். அதனால் தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், முகத்து முடியைக் கத்தரித்துவிட வேண்டும். கண்ணை இடுக்கினால் அன்றைக்கே டாக்டர். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சுப் பட்டை போடுங்கள். கழுத்தில் பலமாக இழுத்தால் கண் பிதுங்கி வெளியே வந்துவிடக்கூடும். பயமுறுத்தவில்லை, சப்பை மூக்கு நாய்களுக்கு இது நடக்கிறது.

முடி அதிகம் கொட்டாது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில் சிக்கு விழும், தினமும் சீப்பு போட வேண்டும். குளிப்பாட்டினால் நன்றாகக் காயவையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் நின்றால் நாற்றம், காதில் சீழ். வெயிலுக்கென்று ஒட்ட மொட்டையடிக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

ஏசி? நாய்க்கு உடம்புச் சூடு தணிவது முக்கியமாக மூச்சிரைப்பதில்தான். சப்பை மூக்கில் அது சரியாக நடக்காது, சென்னைக் காற்றின் ஈரம் இன்னும் கெடுக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மதியத்தில் ஏசி வேண்டும் என்பதே என் கட்சி. நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் குழாய்த் தண்ணீரில் உடம்பை நனைத்து, ஃபேனைப் போட்டு, உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். வாக்கிங் விடிவதற்கு முன்னால்.

வாக்கிங் என்றதும் லிஃப்ட் ஞாபகம் வருகிறது. எங்கள் அசோசியேஷன் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று லிஃப்டில் ஒட்டியிருக்கிறது. செயலாளர் வீட்டு டைல்ஸும் சிமென்ட் மூட்டையும் அதே லிஃப்டில்தான் ஏறின. அடுக்குமாடிகளில் செல்லப்பிராணிகளைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்போது அந்த வாரியத்தின் தலைமையகம் இதே சென்னையில், திருவான்மியூரில்! அச்செடுத்துக் கொடுத்தேன், படித்துப் பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் படிக்கிறார்கள்.

குணம் தங்கம். மடியில் உட்காரவென்றே சீன அரண்மனையில் வளர்ந்த இனம், திருடன் வந்தாலும் மடியில் ஏறும். காவலுக்கு உதவாது. சொன்ன இடத்தில் மூத்திரம் போகிற பழக்கம் வர மாதக்கணக்காகும். தனியாக விட்டால் ஏங்கிப்போகும். பத்து முதல் பதினாறு வருஷம் வரை இருக்கும்.

காலையில் போய் ராத்திரி வருகிறவர்கள் என்றால் வேண்டாம். பகலில் வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் வளர்க்கலாம், ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தான்.