சொந்தமாகச் சைக்கிள் கடை வைக்க எவ்வளவு முதல் வேண்டும்? கடனை நம்பி இறங்கலாமா?

"கையில் 8 லட்சம் இருக்கிறது, மீதியைக் கடன் வாங்கி, எந்தக் கம்பெனியின் கிளையாகவும் இல்லாமல் தனிக் கடையாக வைக்கலாமா, லாபம் வருமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஐடி வேலையில் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து, இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கும். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியோடு என் கடைக்கு நேரில் வந்த நான்கு பேரும் அப்படித்தான் இருந்தார்கள்.

நான் 2021 ஆகஸ்டில் கும்பகோணத்தில் கடை திறந்தேன். இன்னும் நடத்துகிறேன். பெரிய வெற்றிக் கதை ஒன்றும் இல்லை, எனவே "இவன் என்ன புத்தி சொல்ல வந்துட்டான்" என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். தொழிலில் கொழிப்பவர்களுக்கு இங்கே வந்து எழுத நேரம் இருக்காது.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. அப்பா பாபநாசம் பக்கம் மணி வாடகைக்கு சைக்கிள் விட்டவர். அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், நீள நோட்டில் பெயரும் எடுத்த நேரமும், மணிக்கு ஐம்பது பைசா. வீட்டுக்கு வீடு டிவிஎஸ் 50 வந்ததும் வாடகை படுத்துவிட்டது. 2005-06இலிருந்து ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, சில்லறையாக நடந்த புது வண்டி வியாபாரமும் குறைந்தது. (திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். அந்த வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டிய காசில்தான் நான் என்ஜினியரிங் முடித்தேன்.)

முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் லெக்சரர் ஆனேன். 2020இல் கொரோனா வந்ததும் பாதிச் சம்பளம், அப்புறம் கால் சம்பளம், அப்புறம் "அடுத்த மாதம் பார்ப்போம்". அதே நேரத்தில் ஊரெல்லாம் சைக்கிள் கிடைக்கவில்லை என்று செய்தி. ஜிம் பூட்டியிருக்கிறது, பஸ் ஓடவில்லை, கியர் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்றார்கள். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, டெல்லி பக்கம் சாஹிபாபாதில் அட்லஸ் சைக்கிள் கம்பெனி தன் ஆலையை மூடியது. அதுவும் பேப்பரில்தான் வந்தது. நான் எனக்குப் பிடித்த செய்தியை மட்டும் படித்தேன்.

என் கணக்கை அப்படியே சொல்கிறேன். சேமிப்பு 3.2 லட்சம், மனைவியின் நகையை அடகு வைத்தது 2.8 லட்சம், முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வங்கி கொடுப்பது) 5 லட்சம். மொத்தம் 11. கடை வாடகை 10,000, அதற்குப் பத்து மாத அட்வான்ஸ் 1 லட்சம். ரேக், பெயிண்ட், விளக்குப் பலகைக்கு 1.3 லட்சம். கம்ப்ரசர், ஸ்டாண்டு, டூல்ஸ் 70,000. டிஸ்ட்ரிபியூட்டரிடம் டெபாசிட் 1 லட்சம். ஸ்பேர் 1.2 லட்சம். வண்டிகள் 62, ஏறக்குறைய 5.3 லட்சம். கூட்டிப் பாருங்கள், கடை திறந்த அன்று என் கையில் இருந்தது 50,000. இதுதான் நான் செய்த முதல் தப்பு. மற்ற தப்பெல்லாம் இதற்குப் பிறந்த பிள்ளைகள்.

கடன் பற்றிக் கேட்டீர்கள். முத்ராவில் சிசு என்பது 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை தருண் பிளஸ் இருக்கிறது. விதிப்படி பிணை எதுவும் தேவையில்லை. அப்படித்தான் வங்கிச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்த போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி, "ஒரு எஃப்டி போடுங்க சார், இல்லைன்னா கவர்ன்மெண்ட் வேலையில இருக்கிற யாரையாவது ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் பத்து வருடமாக என் சம்பளக் கணக்கு இருந்த வேறொரு வங்கிதான் கொடுத்தது. ஆகவே உங்கள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள், அதுவும் வேலையை விடுவதற்கு முன்பே. வேலையில்லா இளைஞர்கள் தொழில் தொடங்க மாநில அரசு நடத்தும் யுஒய்இஜிபி திட்டத்தில் 25% மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மானியம் பணமாக உங்கள் கைக்கு வராது, வங்கிக்குத்தான் போகும். அதற்காகத் தஞ்சாவூருக்கு இரண்டு முறை போனேன், காத்திருக்கப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் விட வேண்டாம். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு இலவசம், அதற்கு 2,000 கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கடனுக்குக் கல்விச் சான்றிதழ் கேட்டார்கள். என் ஒரிஜினல் எல்லாம் அந்தக் கல்லூரியின் பீரோவில். வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்டால், மூன்று மாத நோட்டீஸ் கொடுக்காமல் போவதால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். ஐந்து மாதமாக அவர்களே சம்பளம் தரவில்லை, எந்தச் சம்பளத்தை நான் கட்டுவது? ஒரிஜினலை அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினேன். "அதை அங்கேயே போய்க் கேளுங்க" என்றார் ஆபீஸ் அம்மா. கடைசியில் ஒரு வக்கீல் நோட்டீசுக்கு 3,500 செலவழித்துத்தான் வாங்கினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் டீக் கறை இருந்தது. இன்றைக்கும் கறை அப்படியே இருக்கிறது. இதற்கும் சைக்கிள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், சம்பந்தம் இல்லைதான். இதைப் படிக்கும் லெக்சரர் யாராவது இருந்தால் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, கடைக்கு வருவோம். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி திறந்தது. அந்த மாதம் 31 வண்டி விற்றேன். அக்டோபரில் 27. என்னைப் பிடிக்க ஆளில்லை. ஒரு வண்டிக்குச் சராசரியாக 1,200 ரூபாய் லாபம் நிற்கும். வாடகை 10,000, இஎம்ஐ 10,870, கடைப் பையன் சம்பளம் 12,000, கரண்ட் முதலானவை 3,000, ஆக மாதம் 36,000. முப்பது வண்டி விற்றால்தான் அதுவே சரியாகும். நான் சாப்பிடுவது தனி. இந்தக் கூட்டலைப் போட எனக்கு நவம்பர் மழை தேவைப்பட்டது. டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்த அந்த மாதத்தில் விற்றது ஒன்பது வண்டி. டிசம்பரில் பன்னிரண்டு. ஜனவரியில் ஒமைக்ரான் வந்து பள்ளிகளை மறுபடி மூடினார்கள், ஏழு.

அந்த ஏழில் ஒன்றுகூட ஃபேட் பைக் இல்லை. நான்கு அங்குல அகல டயர் போட்ட அந்த வண்டியைத்தான் சொல்கிறேன். அந்த வருடம் பையன்கள் எல்லாம் யூடியூபில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் ஆள் மாதக் கடைசியில் வந்து, "அண்ணே, டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறையுது, பன்னெண்டு வண்டி எடுத்துக்குங்க, செக்கை முப்பது நாள் தள்ளிப் போட்டுக்கலாம்" என்றான். ஒன்று 11,500 வீதம் பன்னிரண்டு எடுத்தேன். பெட்டியைப் பிரித்ததும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னப்பா இது, ரோடு ரோலர் மாதிரி இருக்கு. இதை மிதிச்சுக்கிட்டு பையன் ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்" என்றார். உங்களுக்கு இந்தக் கால வியாபாரம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நான்கு விற்றன. அதில் இரண்டை வாங்கியவர்கள் ட்யூப் கிடைக்காமல் என்னையே திட்டினார்கள், எனக்கே கிடைக்கவில்லை. மீதி எட்டும் கடை வாசலில் நின்றன. விற்காத வண்டி சும்மா நிற்காது. டயர் காற்றிறங்கித் தரையில் அழுந்தி வெடிப்பு விடும், செயினில் துரு ஏறும், டிஸ்க் பிரேக் கீச்சிடும். வாரம் ஒருமுறை எட்டுக்கும் காற்றடித்துத் துடைப்பது ஒரு வேலை. இரண்டு வருடம் கழித்து ஒவ்வொன்றாக 8,000க்குத் தள்ளினேன். மனைவியின் நகைக்கு வட்டி அந்த எட்டின் மேல்தான் ஏறியது என்று எனக்கு ஒரு கணக்கு. அவளிடம் அதைச் சொன்னதில்லை.

கடையைக் காப்பாற்றியது பெஞ்சு வேலைதான், அதாவது ரிப்பேர். 2022 பிப்ரவரியில் பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் நிறுத்தினேன். மறுநாள் அப்பா, அறுபத்தெட்டு வயதில், பாபநாசத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்குப் பக்கத்தில் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். போக்ஸ் கம்பியை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகி நேராக்குவார். நான் பத்து வருடம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் எடுத்தவன், எனக்கு அது வர எட்டு மாதம் ஆனது. ஓவராயில் (வண்டியை முழுதாகப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவது) 350, கோட்டம் எடுக்க 100, பஞ்சர் 50. பால்காரர், பேப்பர் போடுகிறவர், தாராசுரத்திலிருந்து டியூஷன் வரும் பிள்ளைகள் என்று வந்தார்கள். பழைய கறுப்பு வண்டிக்கு இன்னும் கோன், கப், பால்ஸ் என்று பேரிங் சாமான் வைத்திருக்கும் கடை இங்கே மூன்றோ நான்கோதான்.

இன்னொன்று, ஆன்லைன் பெட்டி. ஆரம்பத்தில் அதைக் கண்டாலே எனக்கு எரியும். என் கடையில் வந்து ஓட்டிப் பார்த்து, உயரம் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய், 700 ரூபாய் மலிவாக ஆன்லைனில் வாங்கி, அந்தப் பெட்டியை ஆட்டோவில் போட்டு என்னிடமே கொண்டு வருவார்கள். முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் எல்லாம் கழன்ற நிலையில். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன், அவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள், நஷ்டம் எனக்கு. இப்போது பூட்டித் தர 500, பிரேக்கும் கியரும் சரி செய்ய 150. முகம் சுளிக்காமல் செய்கிறேன். அவர்களில் பாதிப் பேர் பூட்டு, பெல், மட்கார்டு என்று இன்னொரு 600க்கு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வண்டியில் நிற்பதைவிட சதவீதக் கணக்கில் அதில் அதிகம் நிற்கும்.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனை 1.5 கோடிக்குள் இருந்தால் காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான முறையில் விற்பனையில் 1% கட்டினால் போதும் என்று ஆடிட்டர் சொன்னார், எளிதாக இருக்கிறதே என்று எடுத்தேன். அதில் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 அன்று சைக்கிளுக்கு 12% இருந்தது 5% ஆனது. மக்களுக்கு நல்லதுதான். 12% கட்டி வாங்கிய 38 வண்டி என் கடையில் நின்றது, புது விலைக்குத்தான் விற்றாக வேண்டும். 18,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருந்தவர்களுக்கு, வாங்கும்போது கட்டிய வரி கணக்கில் வரவாகவாவது இருந்தது. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் 8 லட்சத்துக்கு என் யோசனை இது. சென்னையிலோ கோவையிலோ இருந்தால் வாடகையும் வாடிக்கையாளரும் வேறு, அங்கே 40,000 ரூபாய் வண்டிகூட நகரும், அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன ஊர் என்றால் கடனை முதலில் தொடவே வேண்டாம். ஆறு மாத வாடகையையும் வீட்டுச் செலவையும் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள். பெஞ்சும் ஸ்பேரும் முழுதாக வையுங்கள், வண்டி 20 போதும். தனிக் கடையாக வைப்பதில் ஒரே சுகம், எந்த மாடலையும் வேண்டாம் என்று சொல்லலாம். கம்பெனி ஷோரூம் எடுத்தால் அவர்கள் அனுப்புவதை எல்லாம் வாங்கிக் கடையில் வைத்துத்தான் ஆக வேண்டும். இது தெரிந்தும் நான் பன்னிரண்டு ஃபேட் பைக் எடுத்தேன், அது வேறு. கடன் வாங்குவதாக இருந்தால், ஏப்ரலில் வாங்கி மே, ஜூன் பள்ளி சீசனுக்குச் சரக்கு எடுங்கள். ஜனவரியில் வாங்கினால் முதல் மூன்று இஎம்ஐ உங்கள் கைக்காசில்தான் போகும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அந்த இடத்தில் நின்று எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணுங்கள். நான் கடை பார்த்தபோது லாக்டவுன், எண்ண ஒன்றும் போகவில்லை.

லாபம் வருமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. போன வருடம் எல்லாம் போக மாதம் சராசரி 27,000 நின்றது. கல்லூரியில் கடைசியாக முழுசாக வாங்கிய சம்பளம் 24,000. முத்ரா இஎம்ஐ இந்த வருடம் முடிகிறது. நகையில் சங்கிலியையும் தோட்டையும் மீட்டுவிட்டேன், இரண்டு வளையல் இன்னும் வங்கியில் இருக்கின்றன.