புதுக் கேர்னல் பூட் ஆகவில்லையா? அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள்

கேள்வி: நோர்வூட்டிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 4 ஜிபி ரேம், சாட்டா எஸ்எஸ்டி உள்ள பழைய லெப்டொப். டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன். 6.12 கேர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூலநிரலை இறக்கி, ‘மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்’ கொடுத்துக் கொம்பைல் செய்தேன். ‘மேக் இன்ஸ்டோல்’ ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பற்றரி ஏற்கெனவே செத்தது என்பதால் மெஷினும் அணைந்தது. கரண்ட் வந்ததும் பழைய கேர்னலில் திறந்து க்ரப் பூட் மெனுவைப் புதுப்பிக்கும் ‘அப்டேட்-க்ரப்’ மட்டும் ஓட்டினேன். இப்போது திறந்தால் ‘கேர்னல் பேனிக்’ என்றும், ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஒன் அன்னோன்-புளொக்(0,0)’ என்றும் வந்து நிற்கிறது. கெப்ஸ் லொக் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. ஹட்டனில் கடைக்குக் கொண்டுபோனால் ஃபோமட் பண்ணவேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: ஃபோமட் தேவையில்லை. உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கேர்னலுக்கு டிஸ்க் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபடி கொம்பைல் செய்யவும் அவசரப்படாதீர்கள். இந்த அளவு மெஷினில் அது பல மணி நேர வேலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று உங்கள் பக்கம் மரக்கிளைகளை மின்கம்பியில் சாய்த்துக்கொண்டிருக்கும்; அத்தனை மணி நேரம் கரண்ட் நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது. பூட் எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்தால் இது பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

(கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில், முன்னால் ‘சூடோ’ சேர்த்துத் தட்டுங்கள்.)

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களில்தான் பாதி விடை இருக்கிறது. (0,0) என்றால் ரூட் டிஸ்க்கை (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) கேர்னல் காணவே இல்லை: டிஸ்க் கட்டுப்படுத்திக்கான டிரைவர் இல்லை, அல்லது அந்த டிரைவரைச் சுமந்துவரும் இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பு வந்து சேரவில்லை. (8,2) போல வந்தால் கதை வேறு. 8 என்பது சாட்டா, யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கான எண். முதல் டிஸ்க்கின் இரண்டாம் பகுதியைக் கேர்னல் கண்டுவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைத்தான் அதற்குப் படிக்கத் தெரியவில்லை. அப்போது எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் கொன்ஃபிக்கில் (கேர்னலின் அமைப்புக் கோப்பு) விடுபட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். என்விஎம்இ டிஸ்க் என்றால் முதல் எண் 259, இஎம்எம்சி என்றால் 179. பேனிக் வரிக்குச் சற்று மேலே, கேர்னல் தனக்குத் தெரிந்த பகுதிகளின் பட்டியலையும் அச்சிடும். பட்டியல் வெறுமையாக இருந்தால் டிரைவர்தான் காரணம் என்பது உறுதி. எழுத்து ஓடி மறைந்தால் போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நடந்தது என்னவென்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். டெபியனில் சாட்டா டிரைவரான ‘ஏஎச்சிஐ’ கேர்னலுக்குள் சேர்க்கப்படாமல், தேவைப்படும்போது ஏற்றும் தனி மொடியூலாக இருக்கும். அந்த மொடியூல் கிடப்பதோ டிஸ்க்கில். டிஸ்க்கைத் திறக்க மொடியூல் வேண்டும், மொடியூலை எடுக்க டிஸ்க் திறக்கவேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய நிலை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பை க்ரப் கேர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றுகிறது. ‘மேக் இன்ஸ்டோல்’ முதலில் கேர்னலைப் பூட் கோப்புறைக்குப் பிரதியெடுக்கும்; பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும்; கடைசியில் க்ரப் பட்டியலைப் புதுப்பிக்கும். நடுப்படியில் கரண்ட் போயிருக்கிறது. டெபியன் அந்தக் கோப்பை முதலில் ‘.நியூ’ என்ற வாலோடு எழுதி, முழுதாக முடிந்த பிறகே பெயரை மாற்றும். ஆகவே அரைகுறைக் கோப்பு ஒன்று ‘.நியூ’ என்ற பெயரில் அங்கேயே கிடக்கும், சரியான பெயரில் எதுவும் இருக்காது. அதன் பிறகு நீங்கள் ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டியதும், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத ஒரு வரியை க்ரப் எழுதிவிட்டது.

சந்தேகமிருந்தால் க்ரப் மெனுவில் புதுக் கேர்னலின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்துங்கள். ‘இனிட்ஆர்டி’ என்று தொடங்கும் வரி இல்லாவிட்டால் அதுவே சான்று. ‘ரூட்=’ என்பதற்குப் பின்னால் வழக்கமான நீண்ட ‘யூயூஐடி’ அடையாள எண் வராமல் டிஸ்க் பகுதியின் பெயர் நேரடியாக இருப்பதையும் காணலாம். கோப்பு முறைமையின் யூயூஐடியைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. அது இல்லாதபோது அந்த முகவரி செல்லாது என்று க்ரப்புக்கும் தெரியும்.

இனி திருத்துவது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி போட்டதும் ‘எஸ்கேப்’ (பழைய பயோஸ் மெஷின் என்றால் ‘ஷிஃப்ட்’) அழுத்தி க்ரப் மெனுவை எடுத்து, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கேர்னலில் நுழையுங்கள். பூட் கோப்புறையில் ‘எல்எஸ் -எல்எச்’ ஓட்டி அளவுகளைப் பாருங்கள். கேர்னல் கோப்பான ‘விஎம்லினஸ்’ (கடைசி எழுத்து ‘இசட்’) சில எம்பியாவது இருக்கவேண்டும். டெபியனுடையதை அருகில் வைத்து ஒப்பிடலாம். சுழியம் என்று காட்டினால், அல்லது பூட்டின்போது க்ரப்பே ‘இன்வேலிட் மேஜிக் நம்பர்’ என்று முறையிட்டால், கேர்னல் கோப்பே எழுதப்பட்டு முடியவில்லை. அப்போது மூலநிரல் கோப்புறைக்குப் போய் ‘மேக் மொடியூல்ஸ்_இன்ஸ்டோல்’, பிறகு ‘மேக் இன்ஸ்டோல்’ என்று இரண்டையும் மறுபடி ஓட்டினால் போதும்.

இந்த வரிசை முக்கியம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். மொடியூல்கள் முதலில் ‘லிப்’ கோப்புறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இனிட்ராம்எஃப்எஸ் அவற்றைப் பொறுக்கி எடுக்க முடியும். வரிசை மாறினால் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டு, மொடியூல் இல்லாத வெற்றுத் தொகுப்பு உருவாகிவிடும். அதோடு பூட் செய்தால் பேனிக் வராது, ‘அலர்ட்! யூயூஐடி ... டஸ் நொட் எக்ஸிஸ்ட்’ என்று சொல்லிவிட்டு ‘(இனிட்ராம்எஃப்எஸ்)’ என்ற சிறு ஷெல் திறக்கும்.

கேர்னல் கோப்பு சரியாக இருந்தால் ‘.நியூ’ கோப்பை அழித்துவிட்டு ‘டெப்மொட் 6.12.9’ ஓட்டுங்கள் (எண் உங்கள் பதிப்புக்கு ஏற்ப). தொடர்ந்து ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே 6.12.9’. முடிந்ததும் ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் புதுக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, ‘ஏஎச்சிஐ’, ‘எக்ஸ்ட்4’ இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கொன்ஃபிக்கில் ‘ஒய்’ போட்டுக் கேர்னலுக்குள்ளேயே சேர்த்ததைத் தொகுப்பில் தேடவேண்டாம். பிறகு ‘அப்டேட்-க்ரப்’. அது ஓடும்போது ‘ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்’ வரியை அடுத்து ‘ஃபவுண்ட் இனிட்ஆர்டி இமேஜ்’ என்ற வரியும் அதே பதிப்பு எண்ணோடு வரவேண்டும். கடைசியாக ‘சிங்க்’ என்று தட்டி, எழுதவேண்டியதையெல்லாம் டிஸ்க்கில் எழுதவைத்து ரீபூட் செய்யுங்கள்.

அப்படியும் (0,0) வருகிறதா? அப்போதுதான் கொன்ஃபிக்கைச் சந்தேகிக்கவேண்டும். பூட் கோப்புறையில் ‘கொன்ஃபிக்-6.12.9’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘பிஎல்கே_டெவ்_இனிட்ஆர்டி’ என்பது ‘ஒய்’ ஆக இருக்கவேண்டும். டெபியன் 12 இனிட்ராம்எஃப்எஸ்ஸை ‘இசட்எஸ்டிடி’ முறையில் சுருக்குகிறது. ‘ஆர்டி_இசட்எஸ்டிடி’யை அணைத்துவிட்டால் கேர்னலால் அதை விரிக்க முடியாது, ‘இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்ட்’ என்ற வரி பேனிக்குக்கு மேலே எங்கோ ஒளிந்திருக்கும். ‘ஃபெயில்ட் டு எக்ஸிகியூட் /இனிட் (எரர் -8)’ என்று வந்தால் ‘பின்எஃப்எம்டி_ஸ்கிரிப்ட்’ விடுபட்டிருக்கிறது. அந்த இனிட் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்பதை மறந்து இந்தத் தேர்வை அணைப்பவர்கள் நிறையப் பேர். ‘டெவ்டிஎம்பிஎஃப்எஸ்’, ‘சிகுரூப்ஸ்’ இரண்டும் இல்லாவிட்டால், மற்றச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி எழாது.

பூட் பகுதி நிரம்பிவிட்டதா என்றும் ‘டிஎஃப் -எச்’ கொண்டு பாருங்கள். டீபக் (பிழை தேட உதவும்) தகவலோடு கொம்பைல் செய்த மொடியூல்கள் பருத்துப்போய், இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பிக்குப் போய்விடும். தனியாக 500 எம்பி அளவில் பூட் பகுதி வைத்திருப்பவர்களுக்கு அது பாதியில் நின்றுவிடும். ‘மேக் இன்ஸ்டோல்_மொட்_ஸ்ட்ரிப்=1 மொடியூல்ஸ்_இன்ஸ்டோல்’ என்று கொடுத்தால் டீபக் சுமை உரிக்கப்பட்டுப் பல மடங்கு சுருங்கும். கொன்ஃபிக்கிலேயே டீபக் தகவலை அணைத்துவிட்டால் கொம்பைல் செய்யும்போது டிஸ்க் இடமும் ரேமும் மிச்சம். 4 ஜிபி மெஷினில் இதைச் செய்யாமல் தொடங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

லோக்கல்மொட்கொன்ஃபிக் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது வெட்டிவிடும். டொங்கிளில் இணையம் எடுப்பவர் டொங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு இதை ஓட்டினால், புதுக் கேர்னல் அழகாகப் பூட் ஆகும், இணையம் மட்டும் இருக்காது. ஓட்டுவதற்கு முன் டொங்கிள், பென்ட்ரைவ், போனின் யூஎஸ்பி டெதரிங், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிப் பயன்படுத்திவிடுங்கள். லைவ் பென்ட்ரைவில் பூட் செய்தபடியோ வேறொருவர் கணினியிலோ இதை ஓட்டவே கூடாது.

கரண்ட் போனதில் இன்னொரு மறைமுகச் சேதமும் உண்டு. கொம்பைல் நடுவில் அணைந்தால் சில ‘.ஓ’ கோப்புகள் (கொம்பைலின் இடைநிலைக் கோப்புகள்) சுழிய அளவில் நின்றுவிடலாம். எக்ஸ்ட்4 தரவைச் சற்றுத் தாமதித்தே எழுதுவதால் இப்படி ஆகிறது. நேரமுத்திரையைப் பார்க்கும் ‘மேக்’ அவை முடிந்துவிட்டன என்று நினைத்துக் கடந்துபோகும், கடைசியில் புரியாத லிங்க் பிழைகள் வரும். மூலநிரல் கோப்புறையில் சுழிய அளவுள்ள ‘.ஓ’ கோப்புகளை ‘ஃபைண்ட்’ கொண்டு தேடுங்கள். சந்தேகத்துக்கு இடமாகச் சில அகப்பட்டால் ‘மேக் கிளீன்’ கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது. ‘மேக் எம்ஆர்புரொப்பர்’ மட்டும் வேண்டாம், அது ‘.கொன்ஃபிக்’ கோப்பையும் சேர்த்து அழித்துவிடும். இப்படிச் சேதம் இல்லாதபோது கிளீன் செய்யத் தேவையில்லை: ஒரு தேர்வை மாற்றினால் ‘மேக்’ அதைச் சார்ந்த கோப்புகளை மட்டும்தான் மறுபடி கொம்பைல் செய்யும். மூலநிரலை மறுபடி இறக்கவும் வேண்டாம். சுருக்கிய கோப்பே ஏறக்குறைய 140 எம்பி. இறக்கியது முழுதாக வந்ததா என்று ‘எக்ஸ்இசட் -டி’ சொல்லிவிடும்.

திரை முழுக்கக் கறுப்பு, எந்த எழுத்தும் இல்லை என்று வேறு சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கெப்ஸ் லொக்கை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது, கிராஃபிக்ஸ் டிரைவர்தான் குற்றவாளி. க்ரப்பில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘குவையட்’ என்பதை எடுத்துவிட்டு ‘நோமோட்செட்’ சேர்த்துப் பாருங்கள். ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளவர்கள் டிரைவரை ‘ஒய்’ ஆக்கவேண்டாம், ‘எம்’ (மொடியூல்) ஆகவே வையுங்கள். உள்ளே சேர்த்தால் ஃபேர்ம்வெயர் கோப்புகள் கிடைக்கும் முன்பே அது அவற்றைத் தேடித் தோற்றுவிடும். ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று க்ரப்பிலேயே நிற்பது செக்யூர் பூட். நீங்களே கொம்பைல் செய்த கேர்னலில் கையொப்பம் இல்லை. பயோஸில் அதை அணைப்பது சுலபமான வழி.

அடுத்த முறைக்கு மூன்று ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். கொன்ஃபிக்கில் ‘லோக்கல்வேர்ஷன்’ என்ற இடத்தில் ‘-நோர்வூட்1’ போல ஒரு வாலைச் சேர்த்தால், புதுக் கட்டுமானம் முந்தியதன் மொடியூல்களை மேலெழுதாது. ‘மேக் இன்ஸ்டோல்’ செய்வதற்குப் பதிலாக ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கொடுத்தால் ‘.டெப்’ பொதியாகவே கிடைக்கும். பிடிக்காவிட்டால் ‘ஏபிடி’யால் சுத்தமாக நீக்கலாம்.

மூன்றாவது, சோதனை பூட். க்ரப் அமைப்புக் கோப்பில் ‘க்ரப்_டிஃபோல்ட்=சேவ்ட்’ என்று வைத்து, கேர்னல் வரியில் ‘பேனிக்=10’ சேர்த்து, ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டுங்கள். ‘க்ரப்-செட்-டிஃபோல்ட்’ மூலம் பழைய கேர்னலை நிரந்தரத் தேர்வாக்குங்கள். புதியதை ‘க்ரப்-ரீபூட்’ மூலம் ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். பேனிக் வந்தால் பத்து விநாடியில் மெஷின் தானே ரீபூட் ஆகிப் பழைய கேர்னலுக்குத் திரும்பும். பூட் கோப்புறை எல்விஎம் (டிஸ்க் பகுதிகளை நிர்வகிக்கும் ஒரு முறை) மேல் இருந்தால் இந்த உத்தி பலிக்காது, ஏனென்றால் ஒருமுறைத் தேர்வை அழித்தெழுத க்ரப்பால் அங்கே முடியாது. புதுக் கேர்னலிலேயே சுற்றிச் சுற்றி ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும்.