பால்காரர் பெயர் என்ன?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கோவைக்குப் பக்கத்தில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். கல்லூரி வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர், அவன் அப்பாவின் பழைய காரில்தான் போய்வந்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு, நண்பன் வீட்டிலிருந்து விடியற்காலையில் திரும்பும்போது எக்ஸெல்லில் வந்த ஒரு பால்காரரை இடித்து, கார் புளியமரத்தில் மோதிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால்காரருக்குக் காலில் பிளேட் வைத்தார்கள், ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்துப் பேசி முடித்துவிட்டோம். கேஸ் ஆகிவிடும் என்று இன்ஷூரன்ஸும் கேட்கவில்லை, காரை இருந்த நிலையில் விற்றுவிட்டோம். அன்றிலிருந்து பையன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நாங்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆறு ஏர்பேக் உள்ள புது கார் வாங்கலாம், எட்டு லட்சம் ஆகும் என்கிறேன் நான். நாலு லட்சத்தில் செகண்ட் ஹேண்ட் போதும் என்கிறார் கணவர். எது சரி?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம், இடம் கருதிச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நாலு பக்கத்திலும் மைலேஜ் இருக்கிறது, இஎம்ஐ கணக்கு இருக்கிறது, கலர்கூட இருக்கிறது, பையன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடுவது இரண்டு இடத்தில் வருகிறது. பால்காரருக்கு இரண்டு வரி. அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

எனக்கு இந்த மாதிரிக் கடிதம் புதிதல்ல. பிள்ளை எதையாவது உடைத்துவிடும், அடுத்ததை எதில் வாங்கலாம் என்று பெற்றோர் எழுதுவார்கள், பைக், போன், லேப்டாப் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் உடைந்தது ஒரு மனிதரின் கால். ‘பேசி முடித்துவிட்டோம்’ என்று எழுதுகிறீர்களே, யார் பேசினீர்கள், என்ன முடிந்தது? ஆஸ்பத்திரியில் அவரை என்ன சொல்லிச் சேர்த்தீர்கள், தானாக வண்டியிலிருந்து விழுந்தார் என்றா? அதை எழுதவில்லை, எழுத உங்களுக்கே கூசியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டு வாசலிலும் விடியற்காலையில் யாரோ ஒருவர் வந்து பால் ஊற்றியிருப்பார், அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது என்று வையுங்கள். எலும்பு கூடும்வரை அது காத்திருக்காது, காலையிலும் சாயங்காலமும் கறந்தாக வேண்டும், விட்டால் மடிநோய் வந்துவிடும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் சொம்பை இடுக்கிக்கொண்டு கறப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிளேட் வைத்த காலை அப்படி மடக்க அவருக்கு எத்தனை மாதமாகும், மடக்கவே முடியாமல் போனால் என்ன செய்வார்? வாடிக்கை வீட்டுக்காரர்கள் நாலு நாள் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்புவது கஷ்டம். நீங்கள் கட்டியது ஆஸ்பத்திரி பில் மட்டும்தான். அதோடு முடிந்தது என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. வருடா வருடம் காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டினீர்களே, அதில் தேர்ட் பார்ட்டி என்று ஒரு தொகை இருக்கும், அது இப்படிப்பட்டவருக்காகவே வாங்குகிற பணம். ஆள் காயத்துக்கு அதில் உச்சவரம்பு கிடையாது. வேலைக்குப் போகாத மாதங்களுக்கு, கால் பழையபடி ஆகாவிட்டால் அந்த ஊனத்துக்கு, மேற்கொண்டு வைத்தியத்துக்கு என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விபத்துத் தீர்ப்பாயம் கொடுக்கச் சொல்லும். உங்கள் பையன் பெயரில் எஃப்ஐஆர் வரக் கூடாது என்பதற்காக அந்தக் கதவை அவருக்குச் சாத்திவிட்டீர்கள். விபத்து நடந்தால் காயம்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்து, 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே ஓட்டியவருக்குக் கடமை போட்டிருக்கிறது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள், இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. நல்ல வக்கீல் ஒருவரைப் பார்த்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கேஸ் வந்தால் வரட்டும், பையனுக்கு 20 வயது, ஓட்டியது அவன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒரு வீட்டின் மானத்தைவிட இன்னொரு வீட்டின் சோறு பெரிது என்று நம்புகிறவள் நான்.

பையனுக்கு வருகிறேன். அவன் சாப்பிடாமல் படுப்பது கார் போன துக்கத்தில் இல்லை. அன்றைக்கு ரோட்டில் பால் கொட்டிக் கிடந்ததையும் அந்த மனிதர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியதையும் பார்த்தவன் அவன் ஒருவன்தான், அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லாமல் செய்துவிட்டீர்கள். அவனுக்குக் கஷ்டமாக இருக்கட்டுமே! கஷ்டப்படுகிறான் என்றால் பிள்ளை நல்ல பிள்ளை, அந்தக் கஷ்டத்தை எடுத்துக்கொண்டு போய் வைக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் ஷோரூம் இல்லை.

சரி, கார். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பால்காரர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறவரைக்கும் உங்கள் மகன் காலேஜ் பஸ்ஸில் போகட்டும், 22 கிலோமீட்டர் ஒன்றும் தூரமில்லை. எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிற நாலு லட்சத்தில் முதல் பங்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டியது, தீர்ப்பாயம் எப்போது என்ன கொடுத்தாலும் சரி.

அப்புறம் வாங்கும்போது உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரியே 13 சதவீதம், உங்கள் எட்டு லட்சத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். இன்ஷூரன்ஸ் கம்பெனி போடுகிற மதிப்பு ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதமும் மூன்று வருடம் தாண்டினால் 40 சதவீதமும் குறைந்துவிடும். ஏர்பேக் பயம் நியாயமான பயம்தான், அதனால் 2022-க்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள், முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக்கும், சடன் பிரேக்கில் சக்கரம் இறுகாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் சட்டப்படியே இருக்கும். சீட் பெல்ட் போடாவிட்டால் ஆறு இருந்தும் பிரயோஜனமில்லை. ஆனால் ஒன்று, ஏர்பேக் உள்ளே இருக்கிறவனைத்தான் காப்பாற்றும், எக்ஸெல்லில் வருகிறவரை உங்கள் மகனின் தூக்கமும் வேகமும்தான் காப்பாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு விடியற்காலையில் ஓட்டினானா என்று நீங்கள் அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைப் பகலில் பாருங்கள். கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கைவிட்டு ஈரவாடை அடிக்கிறதா, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், 2023 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. லோன் பாக்கி இருக்கிறதா, சலான் பாக்கி இருக்கிறதா என்று நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். வண்டியைப் பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30 கையெழுத்தானதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், நிறையப் பேர் ஆர்சியை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் பணத்தை அவன் லீவில் வேலை செய்து போடட்டும்.

ஆனால் இதெல்லாம் ஆறு மாதம் கழித்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக அந்த வீட்டுக்குப் போங்கள். பழக்கூடை கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிற வேலை வேண்டாம். பையன் முன்னால் போகட்டும், கதவை அவன் தட்டட்டும், ‘நான்தான் ஐயா அன்றைக்கு ஓட்டினேன்’ என்று அவன் வாயால் சொல்லட்டும், அவர்கள் திட்டினால் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். மாட்டை இப்போது யார் கறக்கிறார்கள் என்று கேளுங்கள். பால் ஊற்றுகிற வேலை நின்றுபோயிருந்தால், பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் பையன் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வரட்டும், அவர்கள் சம்மதித்தால்.

அவர் பெயரையும் கேட்டு வாருங்கள். அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியில் எழுதுங்கள்.