சாளரம் உறைகிறது, படம் வரவில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பைத்தானோடு வரும் சாளர நூலகமான டிகின்டரில் முதல் சாளரம் போட்டுப் பழகுவோருடையவை. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பட்டனைத் தொடும் முன்பே ஃபங்ஷன் ஓடிவிடுகிறது. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. (பாலிடெக்னிக் மாணவர், கரூர்)

பட்டனை உருவாக்கும் வரியில் கமாண்ட் என்ற இடத்தில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அந்த வரியிலேயே ஓடி முடிந்துவிடும். மதிப்பு ஏதும் அனுப்ப வேண்டுமென்றால் லாம்டா என்ற பெயரில்லாச் சிறு ஃபங்ஷனுக்குள் வைத்து அழையுங்கள்.

கேள்வி: படம் வரவில்லை. என்ன செய்வது? (பெயரும் ஊரும் இல்லை)

என்ன வகைக் கோப்பு? என்ன பிழைச் செய்தி? எதையும் சொல்லாமல் கேட்டால் ஊகம்தான் செய்யமுடியும். ஜேபெக் என்றால் டிகின்டரில் படம் காட்டும் ஃபோட்டோஇமேஜ் அதைத் திறக்காது. பிஎன்ஜியாக மாற்றுங்கள், அல்லது பில்லோ என்ற பட நூலகத்தை நிறுவிப் பயன்படுத்துங்கள். பிழையே இல்லாமல் வெற்றிடம் மட்டும் தெரிகிறதா? படத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கியிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் படத்தை வைத்திருந்த மாறி (வேரியபிள்) அழிந்துவிடும், அதோடு படமும் போய்விடும். லேபிளின் பண்பாகவே அதைச் சேமித்து வையுங்கள். எப்போதும் சொல்வதுதான்: பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கடைக்கு பில் போடும் நிரல் எழுதினேன். ஆங்கில லேபிள்களைத் தமிழாக்கியதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கடையின் கணினியில் பாதி எழுத்து வெட்டுப்பட்டே தெரிகிறது. எல்லாவற்றையும் பிளேஸ் முறையில்தான் வைத்திருக்கிறேன். (கோயம்புத்தூர்)

காரணத்தைக் கடைசி வாக்கியத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். இடமிருந்து 120, மேலிருந்து 85 என்று பிக்சல் கணக்கில் பொருத்தும் இந்த வழக்கத்தைத் தொடக்கநிலைப் பாடங்கள் ஏன் இன்னும் முதல் பாடமாகச் சொல்லித்தருகின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம். கற்பவர் திரையில் அழகாகத் தெரிகிறது, அதனால் சரி என்று நம்பிவிடுகிறார். எழுத்தின் அளவு பாயின்ட்டில் இருக்கிறது, நீங்கள் தந்த இடமோ பிக்சலில் இருக்கிறது. திரையின் அடர்த்தியோ எழுத்துருவோ மாறினால் இரண்டும் ஒத்துப்போகா. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட அகலமாக வருவது சாதாரணம். ஆங்கில நீளத்துக்கு அளந்து வைத்த இடத்தில் 'வாடிக்கையாளர் பெயர்' அடங்காது. இப்படி வெட்டுப்பட்ட பெட்டிகளைப் பார்த்துத்தான் தமிழ் கணினிக்குச் சரிப்படாது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பழி மொழிமேல் விழக்கூடாது.

வரிசை, நெடுவரிசை என்று கட்டம் பிரித்து வைக்கும் கிரிட் முறைக்கு மாறுங்கள். லேபிள்கள் முதல் நெடுவரிசையில், எழுதும் பெட்டிகள் இரண்டாவதில். உள்ளே இருக்கும் எழுத்துக்குத் தக்கபடி நெடுவரிசை தானாக அகலும். சாளரத்தைப் பெரிதாக்கினால் பெட்டிகளும் நீளவேண்டும் என்றால் இரண்டு வேலை உண்டு: இரண்டாம் நெடுவரிசைக்கு வெயிட் 1, பெட்டி கட்டத்தின் இரு ஓரங்களிலும் ஒட்டி நிற்க ஸ்டிக்கியில் கிழக்கும் மேற்கும். பெரும்பாலோர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். ஒரே ஃபிரேமுக்குள் (உட்சட்டம்) பேக் என்ற அடுக்கும் முறையையும் கிரிட்டையும் கலக்கவேண்டாம், பிழை வரும். அதன் கடைசி வரியே காரணத்தைச் சொல்லும். தனித்தனி ஃபிரேம்களில் தாராளமாக இரண்டும் இருக்கலாம். பத்து நிமிடம் தாளில் கட்டம் போட்டு வரைந்த பிறகு கணினியைத் தொடுங்கள்.

கேள்வி: டிகின்டரா, கியூட்டியா? (யாழ்ப்பாணம்)

கியூட்டியும் சாளரம் செய்யும் நூலகம்தான். பழகுவதற்கு டிகின்டர். ஆனால் லினக்ஸில் தமிழ் காட்டவேண்டும் என்றால் கியூட்டி. டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே, அதன் 8.6 பதிப்பில், லினக்ஸில் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. 'கொ' எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. நிரலை விற்கும் எண்ணம் இருந்தால் உரிமத்தையும் பாருங்கள்: கியூட்டியைப் பைத்தானில் பயன்படுத்தும் தொகுப்புகளில் பைகியூட்டிக்கு ஜிபிஎல் (நிரலை வழங்கினால் மூலநிரலையும் தரவேண்டிய உரிமம்) அல்லது கட்டண உரிமம், பைசைடுக்கு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்.

கேள்வி: கடிகாரம் செய்தேன். ஒவ்வொரு விநாடியும் ஸ்லீப் கொடுத்தால் சாளரம் உறைந்துவிடுகிறது. (பொறியியல் மாணவி, திருச்சி)

உறையத்தான் செய்யும். சாளரத்தை இயக்கும் மெயின்லூப் என்ற சுழற்சி ஓடிக்கொண்டிருந்தால்தான் சுட்டியின் அழுத்தத்தைக் கவனிக்கவும் திரையை வரையவும் முடியும். உங்கள் ஸ்லீப் அதை நிறுத்தி வைத்துவிடுகிறது. குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும் ஆஃப்டரைப் பயன்படுத்துங்கள். அதற்கு மில்லிவிநாடியில் 1000 கொடுத்து, ஃபங்ஷனின் முடிவில் அதே ஃபங்ஷனை மீண்டும் பதிவுசெய்யுங்கள். இங்கேயும் பெயர் மட்டும், அடைப்புக்குறி வேண்டாம். பெரிய கோப்பு இறக்குவது போன்ற நீண்ட வேலைக்கு, கூடவே ஓடும் தனித் திரெட் வேண்டும். ஆனால் அந்தத் திரெட்டிலிருந்து லேபிளையோ பட்டனையோ தொடாதீர்கள். முடிவை ஒரு கியூவில் (வரிசைப் பட்டியல்) போட்டு, ஆஃப்டர் மூலம் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் டிகின்டர் இல்லை என்கிறது. (சேலம்)

அங்கே அது தனித் தொகுப்பு. ஆப்ட் மூலம் பைத்தான்3-டிகே நிறுவுங்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பில் தேடவேண்டாம்.

கேள்வி: எண்களைக் கூட்டினால் 10-உம் 20-உம் சேர்ந்து 1020 ஆகிறது. (பத்தாம் வகுப்பு, தேனி)

பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரம், அதாவது எண்ணல்ல, எழுத்துத் தொடர். இன்ட் அல்லது ஃப்ளோட்டால் எண்ணாக்கிக் கூட்டு. பெட்டி காலியாக இருந்தால் அந்த மாற்றமே பிழை தரும், அதனால் பிழையைப் பிடிக்கும் டிரை–எக்ஸெப்டுக்குள் வை. பத்தாம் வகுப்பில் சாளரம் வரை வந்திருக்கிறாய், மகிழ்ச்சி. அடுத்த கடிதத்தில் முழு நிரலையும் அனுப்பு.