காபித் தோட்டத்து இருட்டுக்கு எந்த பாடி?

கேள்வி: அண்ணா, எங்கிட்ட நிக்கான் டி5600 கேமரா இருக்கு. போன வருசம் செகண்ட் ஹேண்ட்ல 200-500 எஃப் 5.6 லென்ஸ் வாங்குனேன். லீவு விட்டா ஏற்காடு ஏறிடுவேன், எடுக்குறது முக்கால்வாசி பறவைதான், அப்பப்ப காட்டெருமை. எஸ்டேட்டுக்குள்ள எடுத்தா ஒண்ணு ஃபோகஸ் இலையில போய் நிக்குது, இல்லன்னா படம் பூரா நாய்ஸ் (பொடிப்பொடியா புள்ளி). லென்ஸை வச்சுக்கிட்டு, ஒரு லட்சத்துக்குள்ள பாடி (கேமரா மட்டும்) மாத்தலாம்னு பாக்குறேன். யூஸ்டு டி500 ஒண்ணு விலைக்கு வருது. கடைக்காரர் புது இசட்50 டூ எடுங்கன்றாரு. ஃபிரண்டு ஃபுல் ஃப்ரேம் போனாத்தான் நாய்ஸ் தீரும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். யார் பேச்சைக் கேக்குறது?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: முதல்ல ஃபிரண்டோட பஞ்சாயத்தை முடிச்சிடுவோம் தம்பி. ஃபுல் ஃப்ரேம்ல (உன்னோடதை விட பெரிய சென்சார் வச்ச கேமரா) நாய்ஸ் கம்மிங்கிறது நிஜம்தான், ஆனா எப்பன்னா அந்தப் பெரிய சென்சாரை முழுசா ரொப்புற அளவுக்கு நீ கிட்ட போக முடிஞ்சா. 500 எம்எம்ல ஒரு ஈபிடிப்பான் சென்சார் மேல எத்தனை மில்லிமீட்டர் இடம் பிடிக்குமோ அதேதான் எந்த பாடி போட்டாலும் பிடிக்கும், லென்ஸும் அதே, அப்பர்ச்சரும் (வெளிச்சம் நுழையுற ஓட்டை) அதே, அப்ப அந்தக் குருவி மேல இருந்து வர்ற வெளிச்சமும் அதேதான். இப்ப 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல எடுத்துட்டு வீட்டுக்கு வந்து உன் டி5600 ஃப்ரேம் அளவுக்கு கிராப் பண்ணுனா மிச்சம் கிட்டத்தட்ட 10 மெகாபிக்சல்தான், வாங்கப் போற டி500, இசட்50 டூ ரெண்டுலயும் அதே இடத்துல 20.9 இருக்கும். நாய்ஸும் ஏறக்குறைய ஒண்ணுதான். காட்டெருமை ஃப்ரேமை ரொப்பும், அதுக்கு ஃபுல் ஃப்ரேம் ஒரு ஸ்டாப்புக்கு (அதாவது ரெட்டிப்பு வெளிச்சத்துக்கு) மேலயே நல்லது பண்ணும். (அதுக்காக அதுங்கிட்ட நெருங்கிப் போயிடாத, ரோட்டோரம் வண்டியில இருந்தே எடு.) குருவிக்கு 500 எம்எம்மே பத்தாதப்ப ஃபுல் ஃப்ரேம் காசை வாங்கிக்கிட்டு ரீச்சை (எட்டுற தூரத்தை) பிடுங்கிக்கும்.

அடுத்து அந்த இருட்டு. காபிச் செடிக்கு நிழல் வேணும்னுதான் சில்வர் ஓக்கை மேல வளர்த்து விட்டிருக்காங்க, அதுல மிளகுக்கொடி வேற சுத்தியிருக்கும். மேகம் மூடுன காலையில அந்த நிழலுக்குள்ள எஃப் 5.6ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை ஏத்திக் காட்டுற அளவு, ஏத்துனா நாய்ஸும் ஏறும்) 3200 போட்டாக்கூட ஷட்டர் 1/250க்கு மேல ஏறுறது கஷ்டம். 1/500 வேணும்னா ஐஎஸ்ஓ 6400. இந்தக் கணக்கு எந்த பாடியிலயும் மாறாது. உன் டி5600 சென்சாரும் ஒண்ணும் மட்டமில்ல, அதுக்கும் டி500க்கும் நாய்ஸ்ல பெருசா வித்தியாசம் தேடாத. ரா-ல (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) எடுத்து லைட்ரூம் சாஃப்ட்வேர்ல 2023ல வந்த ஏஐ டீநாய்ஸ்ல ஒரு தடவை போட்டுப் பாரு, நாய்ஸுக்குன்னு பாடி மாத்துற எண்ணமே பாதி போயிடும். ஆக நீ காசு போட வேண்டியது ஃபோகஸுக்கு.

டி5600ல 39 ஃபோகஸ் பாயிண்ட், அதுல நடுவுல இருக்குற 9 மட்டும்தான் கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்கும் ரெண்டு வாட்டத்துலயும் பாத்து ஃபோகஸ் பிடிக்குறது). டி500ல 153 பாயிண்ட், 99 கிராஸ் டைப், ஃப்ரேமோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பரவியிருக்கும். செகண்டுக்கு 10 படம், பேட்டரி ஒரு சார்ஜுக்கு 1240 ஷாட்னு கம்பெனி கணக்கு. 2016ல வந்த கேமராவை இன்னும் ஆளுங்க விடாம வச்சிருக்காங்கன்னா சும்மாவா. ஆனா அதுக்கு குருவின்னா என்னன்னு தெரியாது. மிளகுக்கொடிக்குப் பின்னால அரசவால் ஈபிடிப்பான் உக்காந்திருக்கு, முன்னால ஒரு இலை ஆடுதுன்னு வை, பாயிண்டை நீதான் சரியா கண்ணு மேல வைக்கணும், அரை இஞ்ச் நகந்தா இலை ஷார்ப்பா வரும், குருவி கரைஞ்சு போயிருக்கும்.

இசட்50 டூ 2024 கடைசியில வந்த மிரர்லெஸ் கேமரா (உள்ள கண்ணாடி இல்லாம, வியூஃபைண்டர்ல குட்டி ஸ்கிரீன் இருக்குறது), பறவைக்குன்னு தனி டிடெக்ஷன் மோடு இருக்கு, தலையைக் கண்டுபிடிச்சு அங்கிருந்து கண்ணுக்குப் போயிடும். இதுலயும் ஒரு விஷயம், படத்தோட மொத்தப் பரப்பையும் அது பொறுப்புல விட்டுட்டா அடர்ந்த செடிக்குள்ள அதுவும் குழம்பும், பின்னாடி இருக்குற வெளிச்சமான ஓட்டையை ஓடிப்போய் பிடிச்சுக்கும். சின்ன ஏரியா பாக்ஸை குருவி மேல வச்சு ஒரு தடவை பிடிக்க விட்டு, அப்புறம் டிடெக்ஷன்கிட்ட ஒப்படைச்சா அலுங்காம நிக்கும். அப்புறம் வியூஃபைண்டர். மூடுபனி வானத்துக்கு எதிர்ல கம்பியில கரிச்சான் உக்காந்திருந்தா டி500 மாதிரி டிஎஸ்எல்ஆர்ல எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் வெறும் கறுப்பு உருவமா வந்திருக்குன்னு, இதுல கண்ணுல பாக்குறப்பவே தெரிஞ்சிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குற செட்டிங்) ஒண்ணோ ஒண்ணரையோ ஏத்திக்கிட்டு எடுக்கலாம்.

குறையும் சொல்லிடுறேன். உன் லென்ஸை மாட்ட எஃப்டிஇசட் டூ அடாப்டர் தனியா வாங்கணும், அதையும் சேத்தா பட்ஜெட்டைத் தொட்டுடும், அதை யூஸ்டுல தேடு. பேட்டரி 250 ஷாட் பக்கம்தான், எக்ஸ்ட்ராவா ரெண்டு பேட்டரியாவது வேணும். கார்டு ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு. பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சமாளிக்குறது) கிடையாது, லென்ஸ்லயே அந்த வேலையைப் பாக்குற விஆர் இருக்குறதால அது போகட்டும். லென்ஸ் காலரோட (ட்ரைபாட்ல மாட்டுற வளையம்) 2.3 கிலோ, பாடி அரைக்கிலோ சொச்சம், அதனால தூக்குறப்ப எப்பவும் லென்ஸ் காலரைப் பிடிச்சுத் தூக்கு, பாடியைப் பிடிச்சுத் தொங்க விட்டா மவுண்டுக்கு ஆகாது. 200-500ஓட மோட்டார் மெதுவான சாதி, எந்த பாடி போட்டாலும் அது ராக்கெட் ஆகாது.

என் ஓட்டு இசட்50 டூக்குத்தான், நீ எஸ்டேட் நிழல்ல உக்காந்திருக்குற குருவி எடுக்குற ஆளுங்கிறதால. இதுவே, ஏரியில பறக்குற பறவையே கதின்னு இருக்குற ஆளா இருந்தா யோசிக்காம டி500னு சொல்லியிருப்பேன். டி500 தயாரிப்பு 2022லயே நின்னு போச்சு, ஸ்பேர் பார்ட்ஸ் நாளாக நாளாக சிரமம்தான், அதையும் கணக்குல வச்சுக்க. கடைக்குப் போறப்ப உன் லென்ஸை எடுத்துக்கிட்டுப் போ, வாசல் வெயில்ல டெஸ்ட் பண்ணாத, கடைக்குள்ள டியூப் லைட் எட்டாத மூலையா பாத்து ஃபோகஸ் பிடிக்குதான்னு பாரு.

அதையும் மீறி டி500 மேலதான் மனசுன்னா, ஒரு ஜேபெக் எடுத்து ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்குங்கிற கணக்கு) பாத்துடு (2 லட்சத்துக்கு டெஸ்ட் பண்ணுன ஷட்டர்), எக்ஸ்க்யூடி, எஸ்டின்னு ரெண்டு வகை கார்டு ஸ்லாட்லயும் கார்டு போட்டு எழுதிப் பாரு, பின்னாடி இருக்குற ஜாய்ஸ்டிக் நாலு பக்கமும் நகருதா, கிரிப் ரப்பர் உப்பிக்கிட்டு நிக்குதான்னும் பாத்துக்க. ஒரிஜினல் பில் இல்லாததைத் தொடாத.

கேள்வி: சார், நான் நாகலூர்ல டீச்சர். கேனான் 1500டியும் 55-250 லென்ஸும் இருக்கு. ஸ்கூல் முடிஞ்சு நடக்குறப்ப தோட்டத்துல பறவை எடுப்பேன். கேனானோட மிரர்லெஸ் ஆர்7 பாடி வாங்கிட்டு லென்ஸை அப்புறம் பாத்துக்கலாமா, இல்ல லென்ஸ் முதல்லயா?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: லென்ஸ் முதல்ல, டீச்சர். 250 எம்எம்ல குருவி புள்ளியாத்தான் தெரியும், அதை 32.5 மெகாபிக்சல் ஆர்7ல எடுத்தா பெரிய புள்ளியாத் தெரியும், அவ்வளவுதான். ஆனா ஒரு சிக்கல். கேனான் மிரர்லெஸ்க்குன்னு வர்ற ஆர்எஃப் லென்ஸ் உங்க 1500டில மாட்டவே மாட்டாது. பழைய ஈஎஃப் லென்ஸ் இப்பவும் மாட்டும், நாளைக்கு மிரர்லெஸ் போனாலும் அடாப்டர் போட்டு ஓட்டலாம். அதனால யூஸ்டுல 100-400 ரெண்டாவது வெர்ஷன் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க (கண்ணாடியை மட்டும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு).

வெயிட் தூக்க முடியாதுன்னா இன்னொரு வழி, ஆர்எஃப் 100-400, வெறும் 635 கிராம், கைப்பையிலயே போகும், அப்ப பாடியையும் சேத்துதான் மாத்தியாகணும், அதுக்கு மிரர்லெஸ் ஆர்10 போதும். 400ல எஃப் 8ங்கிறதை மறந்துடாதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தோட்டத்துக்குள்ள ஐஎஸ்ஓ எங்கயோ போய் நிக்கும். ஆர்7 வாங்கியே தீருவேன்னா எலக்ட்ரானிக் ஷட்டர்ல 30 படம் வருதேன்னு ஆசைப்படாதீங்க, சென்சார் மெதுவா படிக்குறதால பறக்குற பறவையோட றெக்கை கோணிக்கிட்டு வரும். மெக்கானிக்கல்ல செகண்டுக்கு 15 வருது, தாராளம்.

கேள்வி: சேலம் மூக்கனேரியில மண் திட்டு மேல உக்காந்திருக்குற கொக்கு, நாரையெல்லாம் கரையில இருந்து எட்ட மாட்டேங்குது. டி500, 200-500 வச்சிருக்கேன். 1.4 டெலிகன்வெர்டர் (லென்ஸுக்குப் பின்னால மாட்டி 1.4 மடங்கு பெருசாக்குறது) போடலாமா?
- வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: போடலாம், எனக்கு இஷ்டமில்ல. எஃப் 5.6 எஃப் 8 ஆயிடும் (வெளிச்சம் பாதியாயிடும்), டி500ல 153 பாயிண்ட்ல எஃப் 8ல உருப்படியா வேலை செய்யுறது 15தான். அதோட நம்ம சேலத்து வெயில்ல ஒம்பது மணிக்கு மேல தண்ணி மேல காத்து அலையடிக்க ஆரம்பிச்சிடும், அதுல தூரத்துப் படம் எந்தக் கண்ணாடி போட்டாலும் கொழகொழன்னுதான் வரும். விடியக்காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போங்க, திட்டுல இருக்குறதை விட்டுட்டு திட்டுக்குப் பறந்து வர்றதை எடுங்க.

கேள்வி: ஏற்காட்டுல வீடு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு. பீரோவுல துணி சுத்தி வச்சிருக்கேன், போதுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: துணிதான் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், முதல்ல அதை அவுருங்க. தோல் கேஸ் இருந்தா அதையும் தள்ளி வைங்க. ரப்பர் கேஸ்கெட் வச்ச காத்துப் புகாத பெரிய டப்பா ஒண்ணு, நிறம் மாறுற சிலிக்கா ஜெல், உள்ள ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டுற மீட்டர்). முள்ளு 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவுல நின்னா போதும், ரொம்பக் காய விட்டாலும் ரப்பருக்கும் உள்ள இருக்குற எண்ணெய்க்கும் நல்லதில்ல. ஜெல் நிறம் மாறுனதும் வாணலியில லேசான தீயில வறுத்து, ஆறுன பிறகு திரும்ப வைங்க. ஏசி காருல இருந்து இறங்குன உடனே கேமராவை வெளிய எடுக்காம பைக்குள்ளயே கொஞ்ச நேரம் விடுங்க, இல்லன்னா கண்ணாடி மேல வேர்க்கும். லென்ஸை வாரம் ஒரு தடவையாவது எடுத்து ஏதாவது படம் எடுங்க, கொல்லையில காக்கா கூட போதும்.