நாவல் வெளிவந்த பிறகு: ஓர் இளையோர் நாவலாசிரியரிடம் சில கேள்விகள்

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய புது நாவல் பொங்கலையொட்டி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு கபடி வீராங்கனையின் கதை. அதன் பிறகு என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, புத்தகம் வந்துவிட்டால் எழுத்தாளருக்கு ஓய்வுதானே? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது? (கல்லூரி மாணவி, திருச்சி)

ஓய்வெல்லாம் இல்லைம்மா, வேலையின் வகைதான் மாறுகிறது. விடியற்காலையில் எழுந்து அடுத்த நாவலில் கொஞ்சம் எழுதுவேன். அது முடியும்வரை போனைத் தொடமாட்டேன். பிறகு வீடு, அலுவலகம். தமிழில் நாவல் எழுதுகிற பெரும்பாலானோரைப் போல எனக்கும் சம்பளம் தருவது வேறு வேலைதான்.

புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் அலுவலகம் முடிந்ததும் நேராக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். பதிப்பாளரின் ஸ்டாலில் நிற்பேன். உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் கிட்டே வரத் தயங்குகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டச் சொல்வேன். சரண்யாவா ஷரண்யாவா என்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

அங்கே தினமும் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் புத்தகத்தை எடுப்பாள், பின்னட்டையைப் படிப்பாள், விலையைப் பார்ப்பாள், அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். படிக்கப் போவது அவள், காசு கொடுப்பது அம்மா. பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் முதலில் அந்தப் பெண்ணிடம்தான் பேசுவேன். "இதில் ஒரு பக்கம் நின்றபடியே படித்துப் பார், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடு" என்பேன். அவள் மூன்றாவது பக்கத்தைப் புரட்டிவிட்டால் அம்மாவை நான் சமாதானப்படுத்த வேண்டியதே இல்லை.

இரவில் வீட்டுக்கு வந்ததும் பார்சல் கட்டுவது, முகவரி எழுதுவது, பள்ளிகளுக்குப் பதில் அனுப்புவது.

விளம்பரம் பதிப்பகத்தின் வேலை இல்லையா? நாம் ஏன் அலைய வேண்டும்? (முதல் நாவல் முடித்தவர், மதுரை)

பாதி அவர்களுடையது. அச்சு, கடைகளுக்கு அனுப்புவது, புத்தகக் காட்சிகளில் அடுக்குவது, இதெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், அதற்கு உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புது நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நூல் காலத்துக்கும் இருக்கப் போகும் இடங்கள் அவை.

பணக் கணக்கையும் சொல்கிறேன். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்கான ராயல்டி வழக்கமாக விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். இதற்காக யாரும் ஊர் ஊராகப் போகமாட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை தானாகக் கடைக்குப் போய்ப் புது எழுத்தாளரைத் தேடி எடுக்காது, அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். அலைவது அதற்காக.

வெளியீட்டு விழா வைக்கலாமா, வேண்டாமா? (சேலம்)

வைக்கலாம், சின்னதாக. பேச்சாளர்களிடம் கதையை முழுக்கச் சொல்லிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வது ஒரு பள்ளி மாணவராக இருக்கட்டும். என் விழாவில் கபடி ஆடுகிற ஒரு மாணவி வாங்கினாள், அவள் தோழிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அரங்கில் பாதிப் பேர் பதினாறு வயதுக்குக் கீழே. எனக்கு அதைவிட நல்ல விழா வேண்டாம்.

எங்கள் அரசுப் பள்ளிக்கு வருவீர்களா மேடம்? ஒரு பாடவேளையில் என்ன செய்வீர்கள்? (தமிழாசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

கட்டாயம் வருகிறேன் டீச்சர். ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்கு முன் திருப்புதல் தேர்வு. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம். எட்டு, ஒன்பது வகுப்புப் பிள்ளைகளை மட்டும் பிப்ரவரிக்குள் பார்க்கலாம். இல்லையென்றால் ஜூனில் பள்ளி திறந்து ஒரு மாதம் போகட்டும். ஜனவரியில் வருகிற இளையோர் நூலுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல்: புத்தகம் சூடாக இருக்கும்போது பள்ளியில் தேர்வுக்காலம்.

வாசிப்பின் நன்மைகளைப் பற்றி நான் பேசுவதில்லை, அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டார்கள். உட்கார்ந்ததும் நாவலிலிருந்து மூன்று பக்கம் சத்தமாக வாசிப்பேன். நாயகியின் அண்ணன் அவளுடைய விளையாட்டு உடையை ஒளித்துவைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். கடைசி வரிசைப் பையன்கள் அங்கேதான் வாயைத் திறப்பார்கள். அண்ணன் பக்கம் பேசுகிறவன் கட்டாயம் ஒருவன் இருப்பான். அவனை அடக்காதீர்கள் டீச்சர், அவனுக்குப் பதில் சொல்ல நாலு பெண்கள் எழுந்து நிற்பார்கள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு துண்டுச்சீட்டு. பெயர் எழுதாமல் கேள்வி எழுதலாம். மைக் பிடித்துக் கேட்கும் கேள்விகள் "எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்?" என்றே இருக்கும். சீட்டில் வருவது வேறு. "இந்தக் கதையில் அப்பா ஏன் குடிக்கவில்லை?" என்று ஒரு பள்ளியில் கேட்டிருந்தார்கள். "மாதவிடாய் நாளில் ஆடலாமா?" என்று பல பள்ளிகளில் வருகிறது. பதில் சொல்ல முடிந்ததைச் சொல்வேன். யாருக்காவது உதவி தேவை என்று தெரிந்தால் சீட்டை உங்களிடம் தனியாகக் கொடுப்பேன். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அரசுப் பள்ளியில் புத்தகம் விற்கமாட்டேன். நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுப்பேன். அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் பிள்ளைகள் கையில் சுற்றவிடுங்கள், கிழிந்தாலும் பரவாயில்லை.

ரீல்ஸ் போடாமல் இளையோரைப் பிடிக்க முடியுமா? (கோவை)

தமிழ் எழுத்துலகம் ஃபேஸ்புக்கில் இருக்கிறது, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அங்கே இல்லை. ஃபேஸ்புக்கில் வருகிற பாராட்டெல்லாம் சக எழுத்தாளர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும்தான். இன்ஸ்டாகிராமில் சின்ன வீடியோ போடுகிறேன், பெரும்பாலும் ஒரு பத்தி வாசிப்பது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் அங்கே உரையாடமாட்டேன். அம்மா, அப்பா அல்லது ஆசிரியர் மூலமாக எழுதச் சொல்லி ஒரு வரி மட்டும் போடுவேன். இளையோருக்கு எழுதுகிற எல்லோரும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நமக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது போதாது. முகம் தெரியாத பெரியவர் ஒருவரோடு தனியாகப் பேசுவது சரிதான் என்று அந்தப் பிள்ளை நம்மைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது.

என் மகனுக்கு 13 வயது. உங்கள் நாவலில் காதல் வருமா? வாங்கலாமா? (ஒரு தாய், சென்னை)

ஒரு பையனைப் பிடித்திருப்பதாக நாயகி தோழியிடம் சொல்கிறாள். அவ்வளவுதான். அந்த வயதில் அது இல்லை என்று எழுதினால் உங்கள் மகனே நம்பமாட்டான். நீங்கள் முதலில் படியுங்கள், பிறகு அவனிடம் கொடுங்கள். படித்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பாத்திரம் எரிச்சலூட்டியது என்று கேளுங்கள், நிறையப் பேசுவான்.

நூலக ஆணை கிடைக்குமா? (கரூர்)

அரசுப் பொது நூலகங்களுக்காக நம் நூலை வாங்கும் ஆணை அது. அதற்குப் பொது நூலகத் துறையிடம் பதிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். நினைவூட்டுவது நம் வேலை. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்த நூலகங்களுக்குத்தான் போகிறது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு என் நாவல் கிடைக்கிற இடம் அது. அதனால் இந்த ஆணையை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.

மோசமான விமர்சனம் வந்தால்? (புதுச்சேரி)

பெரியவர்கள் எழுதினால் படித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை "நடுவில் இழுக்கிறது" என்று எழுதினால் எந்தப் பக்கம் என்று ஆசிரியர் மூலம் கேட்டு வாங்குவேன். அடுத்த பதிப்புக்கு அது உதவும்.

அக்கா, நானும் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்பலாமா? (எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

அனுப்பு கண்ணு, உன் தமிழ் டீச்சர் மூலமாக அனுப்பு. நீ அரசுப் பள்ளி என்றால் 'தேன்சிட்டு' இதழுக்கும் அனுப்பச் சொல், அதில் மாணவர்கள் எழுதுவதைப் போடுகிறார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருகிறேன். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வா, கதை நோட்டையும் எடுத்து வா. முடிக்காத கதையாக இருந்தாலும் சரி.