மேஸியோ பார்க்கரின் 2020 ஆல்பம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் மேஸியோ பார்க்கரின் 'சோல் ஃபுட்: குக்கிங் வித் மேஸியோ' 2020 ஜூன் 26 அன்று வெளியானது. மொத்தம் பத்துப் பாட்டு. வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் இதுதான் வீட்டில் ஓடுகிறது. இருபது வருஷமாக இவர் வாசிப்பைத் தேடித் தேடிக் கேட்பவன் என்பதால் நிறைய பேர் என்னிடம் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டும்தான் தெரியும். மேஸியோ யார்?

பிரவுனைக் கேட்டிருந்தால் இவரையும் கேட்டிருப்பாய் தம்பி, பெயர்தான் தெரிந்திருக்காது. ஃபங்க் பாடகர் பிரவுன் பாட்டு நடுவில் "மேஸியோ!" என்று ஒரு குரல் கொடுப்பார், உடனே ஒரு சாக்ஸபோன் பாய்ந்து வரும், அந்த ஆள்தான். 1943இல் வட கரோலினா மாநிலத்துக் கின்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1964இல் பிரவுன் ஆசைப்பட்டது இவருடைய தம்பி மெல்வினின் டிரம்ஸுக்கு, தம்பியோடு அண்ணனும் உள்ளே போனார். ஆரம்பத்தில் கனத்த குரலுள்ள பாரிடோன் சாக்ஸ் வாசித்தார், நாம் இவரை அடையாளம் கண்டுகொள்ளும், அதைவிடச் சிறிய ஆல்டோ சாக்ஸ் அப்புறம் வந்தது. 1965இல் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்', 1967இல் 'கோல்ட் ஸ்வெட்' இரண்டிலும் இவர் இருக்கிறார். 1970இல் பிரவுனோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து சொந்தக் குழு நடத்தி, 1973இல் திரும்பிப் போய், பிறகு ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் ஃபங்கடெலிக் கூட்டத்தில் சேர்ந்து, 1990க்குப் பிறகு தன் பெயரிலேயே உலகம் சுற்றி, நடுவில் பல வருஷம் பாடகர் பிரின்ஸோடும் வாசித்தவர். இந்த ஆல்பம் வரும்போது அவருக்கு 77 வயது.

கேள்வி: ஃபங்க் இசையில் "தி ஒன்", "தி ஒன்" என்கிறார்களே, அது என்ன?

ஃபங்க் என்பது பிரவுன் வளர்த்த, மெட்டைவிடத் தாளம் முன்னால் நிற்கும் ஆட்ட இசை. தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நான்கு அடியில் முதல் அடி, நாம் சமம் என்று சொல்லும் இடம். அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலும் ரிதம் அண்ட் புளூஸிலும் கைதட்டு இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும். பிரவுன் அந்தத் தட்டை எடுத்துவிடவில்லை, ஆனால் மொத்தக் குழுவும் முதல் அடியில் ஒன்றாகக் கால் ஊன்ற வேண்டும் என்றார். பாஸ், கிடார், ஹார்ன் எல்லாம் அங்கே சேர்ந்து விழுந்துவிட்டு அடுத்த மூன்று அடிகளில் அவரவர் வழியில் சந்து பொந்தெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். தப்பினால் அபராதம்! மேடையிலேயே விரலைக் காட்டி அபராதம் போடுவார் பிரவுன்.

மேஸியோவின் மொத்த வாசிப்பும் அந்தப் பள்ளிக்கூடத்தில் வந்தது. அதனால்தான் அவரை நான் எப்போதும் தாளக்காரர் என்று சொல்வேன். கையில் இருப்பது ஊதுகிற வாத்தியம், மனசுக்குள் ஓடுவது டிரம்ஸ்.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன் சார். ஆல்பம் நன்றாக இருக்கிறதா, இல்லை பெரியவர் என்பதற்காகப் பாராட்டுகிறோமா?

நன்றாக இருக்கிறது. வயதை மறந்துவிட்டு முதலில் கேளுங்கள், பிறகு வயதை நினைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், இரண்டு தடவையும் நிற்கும். அவருடைய ஆல்பங்களிலேயே சிறந்தது என்று சொல்ல மாட்டேன், அந்த இடம் எனக்கு 1992இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மேடையில் பதிவான 'லைஃப் ஆன் பிளானட் குரூவ்'தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஸ்டுடியோ ஆல்பங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுப்பேன்.

காரணம் ஒன்றுதான். இந்தத் தடவை அவர் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், அந்த ஊர் ஆட்களை உட்காரவைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஐவன் நெவில் கீபோர்ட், டோனி ஹால் பாஸ், நிக்கி கிளாஸ்பி டிரம்ஸ். பிரவுன் வழி ஃபங்க் இறுக்கமானது, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். நியூ ஆர்லியன்ஸ் வழி தளர்வானது, தெருவில் நடந்து போகும் ஊர்வலத்தின் நடை அதில் இருக்கும். அங்கே பித்தளை வாத்தியக் குழு முன்னால் போக, பின்னால் குடை பிடித்து ஆடிக்கொண்டே ஒரு கூட்டம் வரும், அந்தப் பின்கூட்டத்துக்குப் பெயர் செகண்ட் லைன். சாவு ஊர்வலத்துக்கும் அப்படித்தான். பறையடிக்கு ஆடிக்கொண்டே போகிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும். அடி சரியாக நடுவில் விழாது, கொஞ்சம் சாய்ந்து விழும். இறுக்கத்தில் வளர்ந்த மேஸியோ அந்தச் சாய்வின் மேல் நடக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்த ஆல்பம்.

கேள்வி: எல்லாம் பழைய பாட்டு. புதுசாக ஒன்றும் எழுத முடியவில்லையா?

இதையே ஆறு பேர் கேட்டிருந்தீர்கள், கொஞ்சம் கோபத்தோடு. பெரும்பாலும் பழைய பாட்டு என்பது உண்மை, ஆனால் தேர்வைப் பாருங்கள்.

முதல் பாட்டு 'கிராஸ் தி டிராக்', 1974இல் மேஸியோ அண்ட் தி மேக்ஸ் என்ற பெயரில் அவரே போட்டது. 'ஜஸ்ட் கிஸ்டு மை பேபி' நியூ ஆர்லியன்ஸின் மீட்டர்ஸ் குழுவுடையது, அதுவும் 1974. அந்தக் குழுவை ஆரம்பித்த ஆர்ட் நெவில் 2019இல் காலமானார், இந்த ஆல்பத்தில் கீபோர்ட் வாசிக்கும் ஐவன் அவருடைய தம்பி மகன், பாடகர் ஏரன் நெவிலின் பிள்ளை. 'யெஸ் வீ கேன் கேன்' எழுதியது அதே ஊர் இசையமைப்பாளர் ஆலன் டூசான். 'ரைட் பிளேஸ் ராங் டைம்' 1973இல் அந்த ஊர்ப் பாடகர் டாக்டர் ஜான் பாடியது, அதைத் தயாரித்ததும் டூசான், பின்னால் வாசித்தவர்கள் மீட்டர்ஸ். டாக்டர் ஜானும் 2019 ஜூனில்தான் போனார். அப்புறம் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ராக் ஸ்டெடி' இருக்கிறதே, இதற்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தால், அசல் பதிவில் தாள வாத்தியம் வாசித்தவர்களில் அதே டாக்டர் ஜான் ஒருவர்!

டூசான், டாக்டர் ஜான், ஆர்ட் நெவில், அரீத்தா, பிரின்ஸ், ஹியூ மசெகெலா. இந்தப் பட்டியலில் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களோடு ஒரே காலத்தில் வாசித்த, இன்னும் ஊத மூச்சு இருக்கிற ஒருவர் அவர்கள் பாட்டை எடுத்து ஊதுகிறார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: எந்தப் பாட்டு எடுபடவில்லை? அதையும் சொல்லுங்கள்.

கடைசிப் பாட்டு, 'கிரேஸிங் இன் தி கிராஸ்'. 1968இல் தென்னாப்பிரிக்காவின் மசெகெலா டிரம்பெட்டில் ஊதி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மெட்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டை அதே பாதையில் வாசித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள், கேட்க இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். 'கம்பேர்டு டு வாட்' பற்றியும் எனக்குக் குறை உண்டு. ஜாஸ் கலைஞர்கள் லெஸ் மெக்கானும் எடி ஹாரிஸும் 1969இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ விழா மேடையில் வாசித்த பதிவு அந்தப் பாட்டின் நெற்றியில் பச்சை குத்திய மாதிரி இருக்கிறது, யார் வாசித்தாலும் காது அங்கேதான் ஓடுகிறது. இங்கேயும் ஓடிற்று.

கேள்வி: ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால்?

'ஹார்ட் டைம்ஸ்'. இதைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாட்டை 1958இல் பதிவு செய்தவர் டேவிட் நியூமன், ஃபேட்ஹெட் என்று கூப்பிடுவார்கள். பாடகர் ரே சார்ல்ஸ் குழுவின் சாக்ஸ்காரர், அந்த ஆல்பத்தில் பியானோ வாசித்தவரே ரே சார்ல்ஸ்தான். மேஸியோவுக்குச் சின்ன வயதிலிருந்தே ரே சார்ல்ஸ் என்றால் உயிர், ஜெர்மனியின் டபிள்யூ.டி.ஆர். வானொலியின் பெரிய ஜாஸ் குழுவோடு போட்ட இரட்டை ஆல்பத்தில் ஒரு வட்டு முழுக்க ரே சார்ல்ஸ் பாட்டுகளையே ஊதியிருக்கிறார். அதனால் 'ஹார்ட் டைம்ஸ்' ஊதும்போது அவர் பிரவுன் குழுவுக்குப் போவதற்கு முந்தின பையனாக இருக்கிறார். ஃபங்க்கின் வெட்டு வெட்டான சுரங்கள் இங்கே கிடையாது. ஒரு வாக்கியத்தை ஊதுகிறார், விடுகிறார், மூச்சு வாங்குகிறார், அடுத்த வாக்கியம் வருகிறது. அந்த இடைவெளியை நிரப்ப மற்றவர்கள் அவசரப்படுவதே இல்லை. முப்பது வயதில் இதை இப்படி வாசிக்க அவரால் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். வேகம் இருக்கிறவனுக்கு அந்த மௌனத்தைத் தாங்கும் பொறுமை வராது.

நியூமனின் அசல் பதிவை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். இரண்டுமே ஆல்டோதான்.

கேள்வி: அக்கா ஒருத்தி டிரம்ஸ் வாசிப்பதாகச் சொன்னார்களே, அவர் பற்றி? நானும் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன்.

நிக்கி கிளாஸ்பி. பியான்சேயின் பெண்கள் மட்டுமே இருந்த மேடைக் குழுவில் வாசித்தவர், பிறகு ஐவன் நெவிலின் டம்ப்ஸ்டாஃபங்க் குழுவில் பல வருஷம். இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு இவர்தான் அம்மா. 'ரைட் பிளேஸ் ராங் டைம்' போட்டுக்கொண்டு ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டை மட்டும் கவனி, மற்றதை மறந்துவிடு. பிறகு ஸ்னேர் டிரம்மில் பலமான அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாமலும் வரும் சின்னத் தட்டுகளைத் தேடு. நடை அவற்றில்தான் இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் வெறும் கணக்குதான் மிஞ்சும்.

கேள்வி: ஃபிரெட் வெஸ்லி, பீ வீ எல்லிஸ் இல்லாத மேஸியோ உப்பில்லாத குழம்பு மாதிரி. சரிதானே தம்பி?

ஐயா, 1990இல் வந்த 'ரூட்ஸ் ரீவிசிட்டட்' ஆல்பத்தில் பிரவுன் குழுத் தோழர்களான இந்த மூவரும் சேர்ந்து ஊதியதைக் கேட்டு வளர்ந்தவன் நான், உங்கள் ஏக்கம் புரிகிறது. ஃபிரெட்டின் டிரம்போனும் மேஸியோவின் ஆல்டோவும் பேசிக்கொள்வது போல இந்த ஆல்பத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஐவன் நெவிலின் கிளாவினெட் என்ற மின் கீபோர்டோடு அவர் நடத்தும் பேச்சு வேறு ருசி. 'ஜஸ்ட் கிஸ்டு மை பேபி'யை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், உப்பு இருக்கிறது.

கேள்வி: கத்ரி கோபால்நாத் வாசித்ததும் இதே சாக்ஸபோனா?

ஆமாம், இருவருமே ஆல்டோ. ஆனால் கத்ரி சார் கமகம் வரவேண்டும் என்பதற்காகத் தன் வாத்தியத்தின் விசைகளில் மாற்றம் செய்துகொண்டார், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டுமே. மேஸியோவுக்கு நேர்மாறான தேவை. சுரம் வழுக்கக் கூடாது, கத்தரித்த மாதிரி தொடங்கி கத்தரித்த மாதிரி நிற்க வேண்டும். ஒரே வாத்தியத்தில் இரண்டு பேர் இவ்வளவு தூரம் விலகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

கேள்வி: ஆறு மாதமாக ஆல்டோ பழகுகிறேன். மேஸியோ மாதிரி ஊத என்ன செய்ய வேண்டும்?

செல்மர் மார்க் 6 வாங்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதே, அவர் வாசிப்பது அதுதான் என்றாலும் அந்த விலைக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கலாம். முதலில் ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கொள். மெட்ரோனோமை மெதுவாக வைத்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சலிக்காமல் ஊது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மட்டும் மாற்று. நாக்கால் ரீடைத் தொட்டுச் சுரத்தை நிறுத்தப் பழகு, தொடங்குவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். பிறகு இரண்டு சுரம், மூன்று சுரம். மேஸியோவின் சோலோவை எழுதிப் பார்த்தால் சுரங்கள் குறைவாகத்தான் இருக்கும், புளூஸ் ஸ்கேலைத் தாண்டி அதிகம் போக மாட்டார். ஒரு துண்டை எடுத்து நான்கு தடவை சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் எடுப்பார். சமத்துக்கு முன்னோ பின்னோ எடுப்பதை, அனாகதம், அதீதம் என்று நம் ஆட்கள் சொல்வதை, அவர் பெயர் தெரியாமலே செய்கிறார். வேகம் பற்றி ஒரு வருஷத்துக்கு யோசிக்காதே.

கேள்வி: ஹிப்-ஹாப் கேட்கிற எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

நிறைய. ஹிப்-ஹாப்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போட்ட பிரவுன் காலத்துப் பதிவுகளைத்தான் நீங்கள் பாதி நாள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவினர் 1993இல் மேஸியோவையே ஸ்டுடியோவுக்கு அழைத்து ஊதவைத்தார்கள்.

கேள்வி: "2 சதவீதம் ஜாஸ், 98 சதவீதம் ஃபங்க்" என்று அவரே மேடையில் சொல்வாராமே. இந்த ஆல்பத்தில் கணக்கு எப்படி?

என் காதுக்கு ஜாஸ் பங்கு கூடியிருக்கிறது. 'ஹார்ட் டைம்ஸ்' ஒன்றே 2 சதவீதத்தைத் தின்றுவிட்டது. பிரின்ஸின் 'அதர் சைட் ஆஃப் தி பில்லோ'வும் அந்தப் பக்கம் சாய்ந்த பாட்டுதான், 1998இல் வந்த 'தி ட்ரூத்' ஆல்பத்தில் பிரின்ஸ் வெறும் கிடாரை வைத்துக்கொண்டு பாடியது. பிரின்ஸுக்காக இத்தனை வருஷம் மேடையில் பின்னால் நின்று ஊதியவர் இவ்வளவு பிரபலமான பாட்டுகளை விட்டுவிட்டு, பலர் கேட்டிராத இந்தச் சின்னப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது, இளையராஜாவையும் நாதஸ்வரத்தையும் தவிர எதுவும் கேட்க மாட்டார். எதைப் போட்டுக் காட்டலாம்?

ஆல்பம் முழுக்கப் போடாதீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 'ஹார்ட் டைம்ஸ்' மட்டும், ஒன்றும் சொல்லாமல். பிடித்தால் அவரே யார் என்று கேட்பார். அப்போது வயதைச் சொல்லுங்கள்.